பதினெட்டாவது மாடு

ஆன்டலோப் ஓடை, தெற்கு டகோட்டா
செப்டம்பர் 27, 1976

அன்புத் தங்கை கொரினுக்கு,

நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். பள்ளிக்கூடம் திறந்திருக்கும், உனக்குத் தொண்டை கட்டியிருக்கும். வெந்நீர் குடி.

மழையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஜூனுக்குப் பிறகு ஒரு சொட்டு விழவில்லை. உலர்புல் வழக்கத்தில் பாதிகூடத் தேறவில்லை. உன் அத்தான் மெர்ல் ஜிலெட் நகரத்துக்கு நிலக்கரி வெட்டப் போய் இரண்டு மாதமாகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வருகிறார், தூங்குகிறார், போகிறார். நேற்றுப் புல் போரைச் சுற்றிக் காலடியால் அளந்துவிட்டுச் சொன்னார்: "இது நாப்பது மாட்டுக்குத்தான் காணும், ஆர்டிஸ். அம்பத்தெட்டு நிக்குது. நவம்பர் கடைசியில நன்றித் திருநாள், அதுக்குள்ள பதினெட்டைக் கழிச்சிடு. முடியலன்னா சொல்லு, மொத்தத்தையும் வண்டியேத்திட்டு நீயும் ஜிலெட்டுக்கு வந்துடு. அங்க குழாயத் திறந்தா தண்ணி வருது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை. நான் ஒரு தடவை தடுமாறினால் போதும், அப்பாவின் மந்தை மொத்தமும் போய்விடும்.

ஐம்பத்தெட்டில் ஒன்பது உன்னுடையவை. அவரவருக்குப் பத்து வயது நிறைந்த அன்று அப்பா ஆளுக்கொரு கிடேரி கொடுத்தாரே, அவற்றின் வழி வந்தவைதான் எல்லாம். என் வழிக்கு இடது விலாவில் சூடு, உன் வழிக்கு இடது இடுப்பில். உன் சூடு போட்ட மாட்டை விற்க உன் கையெழுத்துக் கடிதம் இல்லாமல் சூடு பார்க்கும் அதிகாரி விடமாட்டார். அதனால் கேட்கிறேன். உன்னுடையவற்றைத் தொடலாமா?

மந்தை அக்டோபர் இருபது வரைக்கும் வடக்கு மேய்ச்சலில்தான், ஏழு மைல் தள்ளி. வீட்டுப் பட்டியில் பான்சியும் அவள் கன்றும் மட்டும். கன்றுக்குக் கண் நோய், தினமும் மருந்து போட வேண்டியிருக்கிறது. பான்சி வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பேச்சுத் துணைக்கு இப்போது அவள்தான்.

தொலைபேசியில் கூப்பிடாதே. எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி. நான் வீட்டில் தும்மினால் இங்கா ட்வைட் மறுநாள் கடையில் வைத்து ஜலதோஷம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள்.

உன் அக்கா,
ஆர்டிஸ்


செயின்ட் பால், மினசோட்டா
அக்டோபர் 5, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொண்டை கட்டித்தான் இருக்கிறது. அத்தானும் நீயும் நலம் என்று கடிதத்திலிருந்து தெரிந்துகொண்டேன்.

"தொடலாமா" என்று நீ கேட்டது இரண்டு நாள் மனத்தில் கிடந்தது. இங்கே என்னை யாராவது எந்த ஊர் என்று கேட்டால் மேற்கே எங்களுக்கு மாடுகள் உண்டு என்கிறேன். 'எங்களுக்கு' என்று சொல்ல எனக்கு இருப்பது அந்த ஒன்பதுதான். இருபது வருடமாக அவற்றுக்கு ஒரு கைப்பிடி புல் போடாதவள் நான். ஆகவே தாராளமாகத் தொடு. அப்பா பார்க்கும் வரிசையிலேயே பார்: சினை, பல், மடி, கால், கடைசியில் குணம். எந்த இடத்தில் சூடு என்று பார்க்காதே.

ஒன்றே ஒன்றுக்காகக் கேட்கிறேன், அதுவும் அந்த வரிசையில் தேறினால். முப்பத்தொன்றாம் எண் மாடு. என் வழியில் அவள்தான் தலை. ஐந்து ஈத்தில் ஒரு கன்றைக்கூடக் கொயோட்டி நரிக்குக் கொடுத்ததில்லை. கன்றுக்கு அருகே போனால் மண்ணை வாரி இறைத்து மிரட்டுவாள், அவ்வளவுதான். அவள் தாயும் அப்படி. போன கோடையில் வந்தபோது இருபதடி தள்ளி நின்றே என்னைப் பார்த்தாள், வீட்டுக்காரியைக் கண்ட வாடகைக்காரி மாதிரி.

பான்சிக்கு என் முத்தம். எழுபத்திரண்டு மார்ச் பனிப்புயலில் அவள் தாய் விறைத்துச் செத்த அன்று, நானும் கணவன் வீட்டை விட்டு வந்து உன் சமையலறையில்தான் கிடந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு புறம் பிறந்த கன்றாக அவள், மறுபுறம் நான். இரண்டு பேருக்கும் நீதான் வாளியில் பால் கொண்டுவந்தாய் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

பதில் எழுது.

உன்
கொரின்


ஆன்டலோப் ஓடை
அக்டோபர் 19, 1976

அன்புத் தங்கைக்கு,

நலம். எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. விலா எலும்பும் இரண்டு. பயப்பட ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் தேதி வீட்டுப் பட்டியில் ஒரு மாடு பின்னாலிருந்து இடித்துவிட்டது. விழுந்த பிறகும் விடவில்லை, தலையை வைத்து மண்ணோடு அழுத்தியது. வேலிக்கு அடியில் உருண்டு வெளியே வந்துவிட்டேன். மருத்துவமனைக்கு நானே டிரக்கை ஓட்டிக்கொண்டு போனேன், முப்பது மைலும் இரண்டாம் கியரில்.

எந்த மாடு என்று கேட்பாய். முப்பத்தொன்று.

அவளைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். கையெழுத்துக் கடிதம் அனுப்பு.

மெர்லிடம் டிரக்கின் பின்கதவிலிருந்து வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மாடு இடித்தது என்று தெரிந்தால் ஒரே வாரத்தில் பட்டி காலியாகிவிடும். நீயும் அப்படியே வைத்துக்கொள். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்டிஸ்


செயின்ட் பால்
அக்டோபர் 25, 1976

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று தொடங்கி நான்காவது வரியில் விலா எலும்பு இரண்டு என்று எழுத உன்னால்தான் முடியும்.

கையெழுத்துக் கடிதம் இத்துடன் இருக்கிறது. முப்பத்தொன்று மட்டும் இல்லை, ஒன்பதுக்கும் சேர்த்தே எழுதிவிட்டேன். உனக்கு எது சரியென்று படுகிறதோ செய். போன கடிதத்தில் அவளுக்காகப் பரிந்து பேசியதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அந்த வழியில் ஒரு முன்கோபம் உண்டு என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார், நான்தான் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டேன். என் மாடு உன்னை மண்ணில் போட்டு அழுத்தியிருக்கிறது. அதே நேரத்தில் நான் இங்கே பிள்ளைகளுக்குத் தவளையின் இதயத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். மன்னித்துக்கொள், அக்கா.

அத்தானிடம் சொல்லமாட்டேன். சொல்லாமல் இருப்பது சரி என்று நினைப்பதால் அல்ல, நீ கெஞ்சியதால்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எப்படி நடந்தது? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? நீ மாட்டுக்கு முதுகைக் காட்டி நிற்கிறவள் இல்லையே.

உன்
கொரின்


ஆன்டலோப் ஓடை
நவம்பர் 15, 1976

அன்புத் தங்கைக்கு,

நலம். கட்டுப் பிரிக்க இன்னும் இரண்டு வாரம். உன் கடிதமும் கையெழுத்தும் வந்தன.

பதினெட்டும் முடிந்தது. ஆறாம் தேதி கால்நடை டாக்டர் நோவோட்னி சினை பார்க்க வந்தார். ஆர்வில் ட்வைட் உதவிக்கு வந்தார், இங்கா சுடச்சுட உருளைக்கிழங்கும் வம்பும் கொண்டுவந்தாள். மாடுகளை ஒவ்வொன்றாக இரும்புக் கூண்டுக்குள் விட்டோம். டாக்டர் தோள்வரை கையை விட்டுப் பார்த்து "சினை" என்றால் வலப்பக்கக் கதவு, "வெறும் மாடு" என்றால் முதுகில் நீலச் சாயக் கோடு, இடப்பக்கக் கதவு. கோடு போட்டது ஆர்வில். தன் தொப்பியிலும் ஒரு கோடு போட்டுக்கொண்டார். "நானும் பல்லு போன கேஸ்தான், டாக்டர், என்னையும் ஏத்திடுங்க."

சினை நிற்காதவை பதினொன்று. பல் தேய்ந்தவை நான்கு. மடி கெட்டது ஒன்று, கால் நொண்டுவது ஒன்று. பதினேழு வரைக்கும் மாடுகளே தங்களைச் சொல்லிவிட்டன, நான் எதையும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. உன் ஒன்பதில் மூன்று அதில் போயின.

பிறகு முப்பத்தொன்று வந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு வலப்பக்கக் கதவைக் காட்டினார். நான் இடப்பக்கம் என்றேன்.

"இவளையா? ஏம்மா, நல்ல சினை. பல்லு ஒண்ணுகூட தேயல. உனக்குக் கையிலதான அடி, தலையில இல்லையே?"

"கோவக்காரி," என்றேன்.

"கோவக்காரியா?" என்றார் ஆர்வில். "அப்ப எனக்குக் குடு. இங்காவோட முப்பது வருசம் ஓட்டிட்டேன், இவ என்ன பண்ணிடப்போறா!"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்று வேலிக்கு அப்பாலிருந்து இங்கா. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், விலா குத்தியது.

போன சனிக்கிழமை ஏலத்தில் ஆர்வில்தான் அவளை எடுத்தார்.

பான்சியும் சினை. மந்தையிலேயே முதலில், மார்ச் நடுவில் ஈனுவாள். கூண்டுக்குள் அவளைத் துரத்த வேண்டியிருக்கவில்லை, என் பின்னாலேயே நடந்து வந்தாள். "நாய்க்குட்டி மாதிரி வர்றாளே," என்றார் டாக்டர். மிச்சம் நிற்கும் நாற்பதில் அவளும் ஒருத்தி.

நீ கேட்டிருந்தாய். அதை எழுத உட்கார்ந்தால் கை வலிக்கிறது. இன்னொரு நாள்.

நன்றித் திருநாளுக்கு மெர்ல் வருகிறார். நீ தனியாக இருப்பாயா? யாருடனாவது சேர்ந்து சாப்பிடு.

ஆர்டிஸ்


ஆன்டலோப் ஓடை
ஜனவரி 3, 1977

கொழுந்தியாளுக்கு,

மெர்ல் எழுதுவது. நான் நலம். உன் அக்காவும் நலம் என்று எழுதச் சொன்னாள். நான் கடைசியாகக் கடிதம் எழுதியது ராணுவத்திலிருந்து, அதனால் தப்பு இருந்தால் ஒரு டீச்சராகப் பார்க்காதே.

நீ அனுப்பிய கம்பளிக் காலுறை வந்தது. ஒரு ஜோடி சரியாக இருக்கிறது, இன்னொரு ஜோடி மாட்டுக்குத்தான் சரிப்படும். நன்றி. ஆர்டிஸ் எழுதவில்லை என்று வருத்தப்படாதே. கட்டுப் பிரித்த பிறகும் அவளால் ஜாடி மூடியைத் திருக முடியவில்லை. அந்தப் பின்கதவை நான் இரண்டு முறை கழற்றி மாட்டிவிட்டேன். கொக்கியில் எங்கே தளர்வு என்று எனக்குப் பிடிபடவில்லை. அவள் ஆளும் மாறிவிட்டாள். பட்டிக்குள் போனால் கையில் கம்பு. அங்கே இருப்பது பான்சி மட்டும். "அவளப் பாக்கப் போறதுக்குக் கம்பு எதுக்கு?" என்றால் "வழுக்குது" என்கிறாள்.

ஆர்வில் உன் முப்பத்தொன்றைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார். கடையில் எல்லார் முன்னாலும் சொன்னார்: "மெர்லு, மந்தையிலேயே நல்ல மாட்டை உன் பொண்டாட்டி எனக்குக் குடுத்துட்டா. கோவக்காரியாம்! நான் வர்றதப் பாத்தாலே ஒதுங்கி வழி விடுது. உன் பொண்டாட்டிக்கு எம்மேல ஒரு கண்ணு, வேற என்ன?" அதற்கு இங்கா சொன்னதை எழுத முடியாது.

மார்ச்சில் கன்று ஈனும் காலத்தில் சுரங்கத்தில் லீவு கிடையாது என்கிறார்கள். ஆர்டிஸ் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு அடிக்கடி எழுது. உன் கடிதம் வந்தால் அன்று சாப்பிடுகிறாள்.

மெர்ல்


செயின்ட் பால்
ஜனவரி 12, 1977

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அத்தான் கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன். பிறகு உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மேசைமேல் தேதி வரிசையில் வைத்தேன். மாணவர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்: முதலில் என்ன நடந்தது என்று பார், ஏன் என்று பிறகு கேள். செப்டம்பரில் நீ எழுதியிருக்கிறாய், மந்தை அக்டோபர் இருபது வரை வடக்கு மேய்ச்சலில், ஏழு மைல் தள்ளி. உன்னை மாடு இடித்தது பன்னிரண்டாம் தேதி, வீட்டுப் பட்டியில். அன்று அந்தப் பட்டியில் இருந்த மாடு ஒன்றே ஒன்று.

அது பான்சி.

எனக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்குள் வந்தது வேறு. நீ எழுதியதும் நான் அப்படியே நம்பினேன் அல்லவா, அந்த வழியே அப்படித்தான் என்று? ஒரு கேள்வி கேட்கவில்லை. மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்கிறது அது. தாய் அப்படி, மகளும் அப்படி. இருபதடி தள்ளி நின்றே வாழ்ந்த ஒரு மாட்டின்மேல் பழி சொல்லி அனுப்பிவிட்டோம்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. மார்ச்சைப் பற்றி மட்டும் கேட்கிறேன். கன்றுக்கு மருந்து போட்டதற்கே உன்னை மண்ணில் அழுத்தியவள், புதுக் கன்றோடு நிற்கும்போது நீ அந்தப் பட்டிக்குள் போகப்போகிறாய். தனியாக, ஜாடி மூடியைத் திருக முடியாத கையோடு, கம்போடு. பக்கத்து வீடு நான்கு மைல்.

பிப்ரவரி முதல் தேதிக்குள் எனக்குப் பதில் வர வேண்டும்.

உன்
கொரின்


ஆன்டலோப் ஓடை
ஜனவரி 24, 1977

கொரினுக்கு,

நலம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. தண்ணீர்த் தொட்டிப் பனிக்கட்டியைக் காலையும் மாலையும் கோடரியால் உடைக்கிறேன். புல் கணக்காக இருக்கிறது, நாற்பதுக்குச் சரியாக. காலுறைக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை.

பிறகு எழுதுகிறேன்.

ஆர்டிஸ்


செயின்ட் பால்
பிப்ரவரி 4, 1977

அக்கா,

நீ அனுப்பிய அந்தத் தபாலட்டையைப் பதில் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை.

நேற்று, நீ வேண்டாம் என்று சொல்லியிருந்தும் தொலைபேசியில் கூப்பிட்டேன். "எப்படி இருக்க?" என்றேன். "நலம்," என்றாய். "பான்சி?" என்றேன். "இங்க வெயில் நல்லா அடிக்குது," என்றாய். நாம் இருவரும் பேசாதிருந்தபோது கம்பியில் ஒரு கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. உன் வீட்டில் அப்படிக் கடிகாரம் இல்லை, இங்கா வீட்டில்தான் உண்டு. ஒட்டுக்கேட்ட அவள்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள், அக்கா.

இத்துடன் இன்னொரு உறை இருக்கிறது. அத்தானின் ஜிலெட் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, மூடியிருக்கிறேன். நடந்தது எல்லாம் அதில் இருக்கிறது. இங்கே தபால்பெட்டி வரை இரண்டு முறை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தேன். கெஞ்சினாய் என்பதற்காக வாக்குக் கொடுத்தேன், அதை உன் முதுகுக்குப் பின்னால் உடைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே உன் கையில் தருகிறேன். நீயே தபாலில் போடு, இல்லையென்றால் அடுப்பில் போடு. போட்டுவிட்டு எனக்கு எழுது.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பான்சியை உள்ளே தூக்கி வந்தது நான். நீ அன்று வேண்டாம் என்றாய். வாளியில் குடித்த கன்றுக்கு ஆள் பயமே இருக்காது, வளர்ந்தால் தொல்லை என்றாய். எனக்கு அன்று ஏதாவது ஓர் உயிர் பிழைக்க வேண்டியிருந்தது, அதனால் கேட்கவில்லை. நீ பட்ட விலா வலியில் பாதி என்னுடையது.

கொரின்


ஆன்டலோப் ஓடை
பிப்ரவரி 20, 1977

அன்புத் தங்கை கொரினுக்கு,

நலம் என்று தொடங்கக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

நீ கேட்டதை முதலில் எழுதுகிறேன். கன்றை வேலியோடு முழங்காலால் அழுத்திக் கண்ணில் களிம்பு போட்டுக்கொண்டிருந்தேன். கன்று கத்தியது. எந்த மாடும் முதலில் மண்ணை வாரும், தலையைத் தாழ்த்தும், நாம் வேலி ஏற நேரம் கொடுக்கும். நம்மைக் கண்டு அதற்கும் பயம் என்பதால்தான் அந்த நேரம். பான்சிக்கு நம்மிடம் பயமே இல்லை. நேராக வந்தாள். பிறகு நான் வேலிக்கு வெளியே மூச்சு வாங்கக் கிடந்தபோது, கம்பிக்கு இடையில் நாக்கை நீட்டி என் தொப்பியை நக்கினாள். செய்தது என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை.

உனக்காகத்தான் மறைத்தேன், உன் கையால் பிழைத்தவள் என்பதால் மறைத்தேன் என்று எழுதி ஒரு தாளைக் கிழித்துப் போட்டேன். அது பொய். இந்த வீட்டில் நான் பேசினால் தலையைத் திருப்பிப் பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். முப்பத்தொன்றுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர், அது கைக்கு எட்டுகிற இடத்தில் கிடந்தது. அவள் உன் சூடு போட்டவள், என்னுடையவள் இல்லை என்பதும் எனக்கு எளிதாக இருந்தது. நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதத்தை அடுப்பங்கரையில் வைத்துப் படித்துவிட்டு, பான்சிக்குத் தீவனம் வைக்கப் போனேன்.

நேற்று சனிக்கிழமை, ஏலம். மெர்ல் வீட்டில் இருந்தார். பான்சிக்கு மடி சரியில்லை, அனுப்பிவிடலாம் என்றேன். "மடியா? நேத்துவரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு," என்றார், ஆனாலும் டிரக்கை எடுத்தார். நான் வெறும் வாளியை எடுத்துக்கொண்டு பலகைமேல் ஏறினேன். அவள் பின்னாலேயே ஏறினாள். உள்ளே போனதும் வாளிக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தாள். அதை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

சந்தையில் கொட்டடிக்குப் பக்கத்தில் ஒரு இளம் தம்பதி, ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு. குழந்தை கம்பிக்குள் கையை விட்டு பான்சியின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தது. "அப்பா, இந்த மாடு என்னயத் தொட விடுது! வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்ப்பா!"

"பாக்கலாம், பாக்கலாம்," என்றான் அப்பன். அவன் முகத்தைப் பார்த்தாலே வாங்கிவிடுவான் என்று தெரிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, கொரின். திறக்காமல் இருந்தால் அவள் யார் வீட்டு ஜன்னலையாவது பார்த்துக்கொண்டு உயிரோடு இருப்பாள். அப்படியே போய் மெர்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பான்சி ஏல வளையத்துக்குள் வந்தாள். ஏலம் விடுபவர் நான் சொல்லிக்கொடுத்ததையே கத்தினார்: "குழந்தை மாதிரிங்க! வாளியக் காட்டுனா வீடுவரைக்கும் நடந்தே வரும்!" அந்த அப்பனின் கை மேலே போனது. இன்னும் நாலைந்து கைகள். குழந்தை பெஞ்சுமேல் ஏறி நின்றது.

நான் எழுந்தேன்.

"நிறுத்துங்க. இவ ஆளை இடிப்பா. அக்டோபர்ல என் கையையும் விலாவையும் ஒடச்சது இவதான். நான் டிரக்குலருந்து விழல."

இருநூறு பேர் இருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஆர்வில் கேட்டார், "அப்ப என் முப்பத்தொண்ணு?"

"அவ ஒண்ணும் பண்ணல, ஆர்வில். அன்னைக்கு அவ ஏழு மைல் தள்ளி நின்னா."

"அதான பாத்தேன்," என்றார். அவர் கிண்டல் பண்ணியிருந்தால் தாங்கியிருப்பேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அந்த அப்பன் கையை இறக்கிவிட்டுக் குழந்தையைத் தூக்கி மடியில் இருத்திக்கொண்டான். எல்லாக் கைகளும் இறங்கின. இறங்காதது ஒன்று, இறைச்சிக்கு வாங்குபவருடையது. அவள் வயிற்றில் எட்டு மாதக் கன்று. நான் வெளியே போகவில்லை. கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்தபோது அவள் என் பக்கம் வரப் பார்த்தாள், சந்தைப் பையன்கள் திருப்பிவிட்டார்கள்.

திரும்பி வரும்போது மெர்ல்தான் டிரக்கை ஓட்டினார். நான் உன் உறையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். ஓரமாக நிறுத்தி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிக்கவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல எத்தன கடுதாசி ஓடிருக்கு?"

"எட்டு."

"எனக்கு ஒண்ணு." அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பின்கதவ ரெண்டு தடவ கழட்டி மாட்டுனேன், ஆர்டிஸ். ரெண்டு தடவ. ராத்திரி சுரங்கத்து அறையில படுத்துக்கிட்டு அதத்தான் யோசிப்பேன், எந்தக் கொக்கி, எந்தக் கொக்கின்னு."

அவர் மாடுகளை விற்றுவிடலாம் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். நாலு மாதமாக அதற்குத்தானே பயந்தேன். வீட்டு வாசலில் இறங்கிப் பட்டி வேலியில் கையை ஊன்றிக்கொண்டு, அப்பால் நின்ற மந்தையை எண்ணினார். "முப்பத்தொம்போது," என்றார். "மார்ச் பத்துக்கு வந்துடுறேன். லீவு குடுக்கலன்னா அந்த வேலையக் கழிச்சிடுறேன். நீ பட்டிக்குள்ள தனியா போகாத. இனிமே கீழ விழுந்தா எதுலருந்து விழுந்தன்னு சொல்லிட்டு விழு."

ஆர்வில் இன்று காலை வந்தார். முப்பத்தொன்றைத் திருப்பித் தரமாட்டாராம். ஆனால் உன் பழைய சூட்டை அப்படியே விட்டுவைத்து, அதன்மேல் தன்னுடையதைப் போடாமல் பக்கத்தில் போடுவாராம். யாராவது கேட்டால் யார் வழி என்று சொல்ல வேண்டுமே என்றார்.

வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். ஜன்னல் பக்கம் போகாமல் பாத்திரம் தேய்க்கிறேன்.

மணிக்கட்டு குளிருக்கு வலிக்கிறது. தும்மினால் விலா பிடிக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிறேன், பிறகு தூக்கம் இல்லை. பசி கொஞ்சம் வந்திருக்கிறது. என் நலம் இவ்வளவுதான். நீயும் அங்கே தனியாகத்தான் இருக்கிறாய், ஒவ்வொரு கடிதத்திலும் நலம் என்றுதான் எழுதுகிறாய். நான் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். அடுத்ததில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுது.

உன் அக்கா,
ஆர்டிஸ்